நின்ற இடத்தில் சரியாக இருந்த லொறி

வாகனங்களை வேண்டாம் என்று சொல்வதுதான் என் உத்தியோகமாக இருந்தது. முப்பத்தொரு வருடம் மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்தேன். சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் பின்பக்க வில்லுத் தகடுகளில் ஒன்றைக் கழற்றிய குற்றத்துக்காக மட்டும் எத்தனை லொறிகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. அப்படிப்பட்ட நான், ஓய்வுபெற்ற நான்காம் வருடம், வேலணையில் என் சொந்த முற்றத்தில், என் சொந்த லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி, "இரண்டு தகட்டைக் கழட்டும்" என்று சொன்னேன்.

பக்கத்தில் படுத்திருந்தவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மீனவர். கடலுக்குப் போகாத நாட்களில் படகு எஞ்சின் திருத்துவார். தீவுப்பகுதி முழுக்க அவர் கைக்குப் பெயர் உண்டு. அவருடைய மீன்பெட்டி லொறியை, தகடு குறைகிறது என்று சொல்லி இரண்டு தரம் திருப்பி அனுப்பியவன் நான்.

"திருப்பிச் சொல்லுங்கோ சேர். காது சரியாக் கேக்கேல்லை."

"இரண்டு தகட்டைக் கழட்டும்."

"எழுத்தில தருவியளோ?"

தந்திருப்பேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

அவசரத்துக்குக் காரணம் அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து சக்கரக் கதிரைதான். இடுப்பை மடக்கி ஓட்டோவுக்குள் ஏற ஏலாது, காருக்குள்ளும் ஏலாது. கதிரையோடு தூக்கி வைத்தால் மட்டுமே அக்கா எங்கேயும் போகலாம். தூக்கி வைக்கும்படி அக்கா யாரையும் கேட்கமாட்டார்.

அக்காவுக்கு நயினாதீவில் ஒரு சிநேகிதி. ஒன்றாகப் படித்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, ஒரே வருடம் ஓய்வுபெற்றவர்கள். இந்த மூன்று வருடமும் பின்னேரம் ஐந்து மணிக்குத் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பாதி நேரம் ஒருவருடைய நெற்றிதான் மற்றவருக்குத் தெரியும். அந்தச் சிநேகிதியைக் கனடாவுக்குக் கூட்டிப்போக மகன் வந்துவிட்டான். திரும்பி வருவது பற்றி யாரும் பேசவில்லை. வருகிற மூன்றாவது ஞாயிறு, முதல் படகில் குறிகட்டுவான் துறையடிக்கு வந்து, அங்கிருந்து ஒரு வான் வண்டியில் கொழும்புக்குப் போவதாக ஏற்பாடு.

"அண்டைக்கு நீ துறையடிக்கு வந்து நிக்கிறாய்" என்று தொலைபேசிக்குள்ளிருந்து அந்தச் சிநேகிதி அக்கா சொன்னது எனக்கும் கேட்டது. "உன்ர கையால காய்ச்சின கூழைக் குடிச்சுப்போட்டுத்தான் நான் பிளேன் ஏறுவன். இல்லாட்டி ஏறமாட்டன்."

"அப்ப நான் வராட்டித்தான் நல்லம்" என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் கேட்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. அது எனக்குத் தெரியும். மருத்துவரின் கடிதம் வேண்டும். கடிதத்தில் ஒரு நோய் வேண்டும். சிநேகிதியைப் பார்க்கவேண்டும் என்பது எந்தப் பட்டியலிலும் நோயாக இல்லை. ஆகவே மிஞ்சியது லொறி. தோட்டத்து வெங்காயமும் புகையிலையும் ஏற்றுவதற்காக நான் வாங்கிய, மேலே கூடு போட்ட சின்ன லொறி. சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றுவது கூடாது என்பது நான் பலருக்குப் பாடம் எடுத்த விஷயம். ஆனால் சரக்கோடு போகும் உதவியாளர் ஒருவர் ஏறலாம் என்பது என் வாசிப்பு. கதிரை சரக்கு, அக்கா உதவியாளர்.

"அப்ப நான் கதிரைக்குக் காவலோ?" என்றார் அக்கா.

"சட்டத்தின்படி ஓம்."

"நல்ல சட்டம். முப்பது வரியமா உதைத்தான் படிச்சனியோ?"

பின்பக்கத்தில் பலகை சாய்த்துக் கதிரையைத் தள்ளி ஏற்றிப் பார்த்தோம். லொறியின் தளம் உயரம். பலகை செங்குத்தாக நின்றது. நானும் மீனவருமாகத் தள்ள, பாதி வழியில் கதிரை பின்னுக்கு வழுக்கி என் நெஞ்சில் முட்டியது. "பரணில ஏத்திற பூசணிக்காயோ நான்? இறக்குங்கோடா" என்று அக்கா சத்தம் போட்டார். நீளமான பலகை போட இடமில்லை. துறையடியில் அவ்வளவு நீளத்துக்கு யாரும் வழிவிடமாட்டார்கள். பலகையை நீட்ட ஏலாதென்றால் லொறியைத் தாழ்த்தவேண்டியதுதான். இப்படித்தான் நான் லொறிக்கு அடியில் போய்ச் சேர்ந்தேன்.

ஐந்து தகட்டில் இரண்டைக் கழற்றியதும் பின்பக்கம் ஒரு சாண் அளவுக்கு இறங்கிவிட்டது. அளவு நாடாவால் இரண்டு பக்கமும் அளந்து கொப்பியில் எழுதினேன். அச்சுக்கும், அது மேலேயுள்ள இரும்பில் போய் முட்டாமல் தடுக்கிற தடுப்பு றப்பருக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி. அதையும் எழுதினேன். கதிரை ஒற்றைக் கையால் ஏறியது. எனக்குள் ஒரு இளைஞன் விசிலடித்தான். கையெழுத்துப் போட்டுத் திகதியும் இட்டேன்.

முதல் ஓட்டத்தை முறைப்படிதான் செய்தேன். கதிரையைத் தளத்தில் கட்டி, அதில் அக்காவுக்குப் பதிலாக ஒரு வெங்காய மூட்டையை வைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். மீனவர் சாரதி, நான் பின்னால் குந்தியிருந்து கவனித்தேன். கடலுக்கு நடுவால் புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதி வீதியின் தொடக்கம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். ஒழுங்கை முடிவதற்குள் செம்பில் அரைவாசி என் காற்சட்டையில் இருந்தது. வீதிக் குழிகளில் லொறி குதிரைபோலத் துள்ளியது. ஒவ்வொரு துள்ளலின் முடிவிலும் அடியிலிருந்து உலக்கையால் குத்துவதுபோல ஒரு இடி. வெங்காய மூட்டை வாயைத் திறந்துகொண்டது. வீடு திரும்பும் வழியில் எங்களுக்குப் பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் நிதானமாக வெங்காயம் பொறுக்கினார்.

அக்கா கேட்கவில்லை. "மூட்டைக்குத் துள்ளினா எனக்கும் துள்ளுமோ? ஏத்து" என்றார். ஒழுங்கை முனைக்கும் வீட்டுக்கும் ஒரு தரம், ஊர்ந்துதான் போனோம். இறக்கியபோது அவருடைய உதடுகள் ஒட்டியிருந்தன.

"நோகுதோ அக்கா?"

"இல்லை."

பரீட்சையில் பிள்ளைகள் விட்ட பிழையைப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல இருக்கும் முகம் அது. அன்று பின்னேரம் ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தபோது அவர் எடுக்கவில்லை. "நான் வரேல்லை எண்டு அவளுக்கு நீ சொல்லிப்போடு. என்னால சொல்ல ஏலாது" என்றார்.

நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை மீனவர் ஒரு தீர்வோடு வந்தார். தள்ளுவண்டி நிறைய முருகைக்கல்.

"வெறும் படகுதான் சேர் துள்ளும். அடியில கல்லு வைச்சா அடங்கிப்போகும். இதுக்கும் அதுதான் வருத்தம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவர் சொன்ன விதம் அப்படி. எங்களுடைய இரண்டு தொழிலுக்கும் உரிய மடமைகள் அன்று காலை கைகோத்தன. கற்களைத் தளத்தின் நடுவில் அடுக்கினோம். நான் மறுபடி அடியில் புகுந்து இடைவெளியை அளந்தேன். கல் பாரத்தால் மூன்று விரல் ஒரு விரலாகச் சுருங்கியிருந்தது. இடைவெளி இருக்கிறது, ஆகவே சரி என்று எழுதினேன். ஓடிப் பார்த்தோம். உலக்கை இப்போது சம்மட்டியாகிவிட்டது. செம்பே உருண்டு வெளியே விழுந்தது.

"கடலில அடங்கும் சேர்" என்றார் மீனவர் மெதுவாக.

"இது வேலணை."

முற்றத்தில் நின்று இருவரும் வாதாடினோம். நான் கொப்பியைக் காட்டினேன். றப்பரில் அச்சு முட்டவில்லை, இடைவெளி இருக்கிறது, அளந்திருக்கிறேன், இந்தா எழுத்தில் இருக்கிறது. அவர் லொறியைக் காட்டினார். அப்போது விறாந்தையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. முதல் நாள் பின்னேரத்திலிருந்து வாய் திறக்காதவர்.

"தம்பி, அளக்கேக்க லொறி நிண்டதோ, ஓடினதோ?"

"நிண்டதுதான். ஓடுற வாகனத்துக்கு அடியில படுத்து அளக்க ஏலுமோ?"

"அப்ப உன்ர முப்பத்தொரு வரியத்தில, ஓடுற வாகனத்தை ஒரு நாளாவது பாத்தனியோ?"

கொப்பியை மூடினேன். முப்பத்தொரு வருடமும் வாகனங்கள் என் முன்னால் வந்து நின்றன. நின்றபடி அளந்தேன், நின்றபடி தட்டினேன், நின்றபடி தள்ளுபடி செய்தேன். அவை வீதியில் என்ன செய்கின்றன என்பது என் படிவத்தில் இல்லாத கேள்வி.

அக்கா மீனவர் பக்கம் திரும்பினார். "டேய், பள்ளிக்கூட மணிக்கயிறு ஞாபகம் இருக்கோ?"

ஐம்பது தாண்டிய, பேரப்பிள்ளை கண்ட மனுசன், தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். "ஐயோ ரீச்சர்."

கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு தவணை முழுக்க யாரோ பள்ளிக்கூட மணியைப் பத்து நிமிடம் முந்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். அதிபர் காவல் போட்டும் பிடிபடவில்லை. அக்கா கரும்பலகையில் எழுதும் நீல வெண்கட்டியை இடித்துக் குழைத்துக் கயிற்றில் பூசிவிட்டுப் பேசாமல் இருந்தார். அன்று பின்னேரம் வரிசையில் நின்ற ஒரு பெடியனின் கை மட்டும் நீலம்.

"தொட்டவன் தொட்டனான் எண்டு தானாச் சொல்லமாட்டான்" என்றார் அக்கா. "பூசிவிடவேணும். என்ர அலுமாரியில கீழ்த் தட்டில பெட்டி கிடக்கு. எடு."

நான் ஓடினேன். நடந்தேன் என்று எழுதினால் அது பொய். பழைய பெட்டிக்குள் இரண்டரைத் துண்டு நீலம் இருந்தது. இடித்துக் குழைத்து இரண்டு பக்கத் தடுப்பு றப்பரிலும் தடித்துப் பூசினோம். கற்களை முழுக்க இறக்கிவிட்டு, மூட்டையை மட்டும் ஏற்றித் தாம்போதி வரை போய்த் திரும்பினோம். லொறி நிற்க முன்னமே நான் குதித்து அடியில் புகுந்துவிட்டேன்.

கறுத்த அச்சின் மேல், இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

"நீலம்! அக்கா, நீலம்!" என்று கத்தியதில் தலையை இரும்பில் இடித்துக்கொண்டேன். மீனவரும் மற்றப் பக்கத்தால் புகுந்து பார்த்துவிட்டு, "இஞ்சையும் நீலம் சேர்! பிடிபட்டான்!" என்று கூவினார். லொறிக்கு அடியில் கிடந்தபடி இரண்டு கிழவர்கள் கை குலுக்கிக்கொண்டதை மதிலுக்கு மேலால் அயல் வீட்டார் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தடுப்பு றப்பர் இரண்டையும் வாளால் பாதியாக அரிந்தோம். கழற்றிய தகட்டில் ஒன்றைத் திரும்பப் பூட்டினோம். தளம் இரண்டு விரல் உயர்ந்தாலும் பலகைக்கு அது பெரிதில்லை. ஓடினோம். இடி இல்லை! ஆனால் ஒரு குழியில் விழுந்து எழும்பினால் லொறி அதை மறக்க மறுத்தது. ஓம், ஓம், ஓம் என்று தலையாட்டியபடியே போய்க்கொண்டிருந்தது. ஏழு தரம் எண்ணினேன். நோகாது; ஆனால் கூழ் நிற்காது. சூடான கூழ் அக்காவின் மடியில் கொட்டும்.

இந்தக் குற்றம் எனக்குத் தெரிந்த குற்றம். துள்ளலைப் பிடித்து அடக்குவதற்காக ஒவ்வொரு சக்கரத்தருகிலும் எண்ணெய் அடைத்த ஒரு குழாய் இருக்கும், சொக் அப்சோபர். எங்களுடையவை புதியவை, பழுதில்லை. ஆனால் நாங்கள் லொறியின் உடம்பை இறக்கிவிட்டோம்; குழாயின் நீளம் பழைய நீளம். சைக்கிள் பம்பை அடிவரை அமுக்கி வைத்துக்கொண்டு அதற்கு மேல் காற்றடிக்கச் சொல்வதுபோலத்தான். அது வேலை செய்ய நாங்கள் இடம் கொடுக்கவில்லை. வேலை செய்யவில்லை என்று குறை சொல்கிறோம். அரசாங்கத்தில் எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். சுருக்கினால் எவ்வளவு, நீட்டினால் எவ்வளவு என்று இரண்டு அளவும் துண்டில் இருந்தன. பழைய வாகனச் சாமான் விற்கும் மூன்று கடைகளிலும் ஒரே கேள்வி.

"எந்த வாகனத்துக்கு ஐயா?"

"வாகனத்தை விடும். இந்த நீளத்துக்கு."

"நம்பர் இல்லாமல் எடுக்க ஏலாது."

நான் அந்த ஆளை மிகுந்த பரிவோடு பார்த்தேன். முப்பத்தொரு வருடம் நான் சொன்ன வசனம் அது. மூன்றாவது கடையில் ஒரு மனுசன், உடைத்துப் பிரித்த சின்ன வான் ஒன்றின் சோடியை எண்ணெய் வாளிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். அளந்தேன். ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை. கடைக்காரரைக் கட்டிப்பிடித்திருப்பேன், எண்ணெய் தடுத்தது. திரும்பும் பஸ்ஸில் அந்தக் குழாயை இழுத்தும் அமுக்கியும் பார்த்தபடியே வந்தேன். எவ்வளவு அழகாக எதிர்த்தது! பக்கத்தில் இருந்தவர் பண்ணைப் பாலம் தாண்ட முன்னமே எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பூட்டி முடித்தோம். மீனவர் பின்பக்கத்தில் ஏறி நின்று முழுப் பலத்தோடும் குதித்து இறங்கினார். லொறி தாழ்ந்தது, எழும்பியது, நின்றது.

"நிண்டுட்டுது சேர்!"

"இன்னொருக்கால்."

குதித்தார். தாழ்ந்தது, எழும்பியது, நின்றது. ஐந்தாம் தரம் குதித்தது நான்.

அக்கா விறாந்தையிலிருந்து கையை நீட்டினார். "அந்தச் செம்பை விளிம்புமட்டும் நிரப்பித் தா. என்னை ஏத்து."

முன்னுக்கு இருக்கும் எங்களுக்கு அவர் குரல் கேட்காது. எனவே கோடு போடும் பழைய அடிமட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தேன். எங்கள் இருக்கைக்குப் பின்னாலுள்ள கண்ணாடியில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. தாம்போதி வரை போனோம். காது இரண்டும் என் முதுகுப் பக்கத்தில் இருந்தன. ஒரு தட்டுக்கூட வரவில்லை. மயக்கம் போட்டுவிட்டாரோ என்ற பயத்தில் மீனவரை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பின்னால் ஓடினேன். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பில் முக்கால்வாசி இருந்தது. சேலையில் ஒரு சின்ன ஈரம்.

"சிந்திப்போட்டுதோ?"

"அது நான் குடிக்கேக்க சிந்தினது" என்றார். "தாகமாக் கிடந்தது. தேத்தண்ணி கொண்டு வந்திருக்கலாம்."

ஞாயிறு விடிய மீனவர் நண்டும் மீனும் கொண்டு வந்தார். குசினியில் கதிரையிலிருந்தபடியே அக்கா கூழ் காய்ச்சினார்; பனங்கிழங்கு ஒடியல் மாவைக் கரைக்க அடுப்படியில் யாரையும் விடவில்லை. பானையைத் தும்புக் கயிற்று வளையத்தில் இருத்தி, அக்காவின் காலருகில் கட்டினோம். குறிகட்டுவான் போய்ச் சேர்ந்தபோது பானையின் கழுத்தில் ஒரு துளி வழிந்திருக்கவில்லை. வீதியோரம் நிறுத்திவிட்டு அதை இரண்டு தரம் குனிந்து பார்த்தேன்.

படகு வந்தது. மகனின் தோளைப் பிடித்தபடி சிநேகிதி அக்கா இறங்கி வந்தார். கைத்தடி, புதுச் சப்பாத்து, மற்றக் கையில் கடவுச்சீட்டுப் பை. எங்கள் லொறியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கதிரையில் அக்கா.

"என்னடி, உன்னைச் சந்தைக்கு ஏத்திப்போட்டாங்களோ?"

"ஏறிப் பாரடி. துள்ளாது."

"கொழுத்துப்போனாய்."

"நீ மெலிஞ்சுபோனாய். வா."

பலகையில் அவர் தானே நடந்து ஏறினார். சாய்வு அவ்வளவு குறைவு. முகங்கள் முழுதாகத் தெரியும் தூரத்துக்கு வந்ததும் சிநேகிதி அக்கா கைத்தடியைச் சாத்திவிட்டு அக்காவின் கன்னத்தைப் பிடித்தார். நான் கூழுக்குக் கோப்பை எடுப்பதில் மிகவும் கவனமாக இருந்தேன்.

"அம்மா, வெளிக்கிடவேணும்" என்றான் மகன். "வானில ஏசி போட்டுக் கிடக்கு."

"ஏசியை நான் கனடாவில காணுறன். நீ வானைக் கொண்டு பின்னால வா. நான் இவளோட வாறன்."

"லொறியிலயோ? அம்மா, உது சட்டப்படி..."

சட்டம் என்ற சொல்லுக்கு அங்கே உரிமையாளன் நான் ஒருவன்தான். நான் முன்னால் போய், நான்கு வருடமாகப் பயன்படுத்தாத குரலை எடுத்தேன். "தம்பி, உள்ளே இருக்கிற சரக்கு இரண்டு. கதிரை ஒன்று, கூழ்ப்பானை ஒன்று. சரக்குக்கு ஒருவர்படி உதவியாளர் இரண்டு பேர். சரியாக இருக்கிறது. சாட்டிக் கடற்கரைக்கு வீதி பிரியும் முடக்கில் அம்மாவை உங்கள் வானுக்கு மாற்றித் தருகிறேன்."

அவன் போய் வானில் ஏறினான். மீனவர் வேறுபக்கம் திரும்பி இருமினார்.

இந்த முறை லொறியை நானே ஓட்டினேன். புங்குடுதீவைத் தாண்டித் தாம்போதியில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு குழியும் எனக்கு மனப்பாடம். விழுந்தோம், எழும்பினோம், நின்றோம். எந்தப் பல்லக்கும் இப்படிப் போயிராது என்று நான் சொன்னதை மீனவர் ஏற்றுக்கொண்டார். பின்னால் வான் அடிக்கடி ஹோர்ன் அடித்தது. நான் வேகத்தைக் கூட்டவில்லை. பரிசோதனை ஓட்டங்களுக்கு ஒரு வேகம் உண்டு.

முடக்கு வந்தது. பேசினபடி நிறுத்த வேகத்தைக் குறைத்தேன். அப்போது கண்ணாடியில் அடிமட்டம் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"மூண்டுக்கு என்ன சேர்?"

"மூண்டுக்கு நாங்கள் ஒண்டும் வைக்கேல்லை."

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வான் யாழ்ப்பாணப் பக்கம் போக ஆயத்தமாக நின்றது. கொழும்பு விமானம் இரவுக்குத்தான். அதை நான் முதல் நாளே தொலைபேசியில் மகனிடம் கேட்டுக் கொப்பியில் எழுதியிருந்தேன். நேரம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது.

சாட்டிக் கடற்கரைப் பக்கம் லொறியைத் திருப்பினேன். சிக்னல் போட்டுவிட்டுத்தான் திருப்பினேன்.